ஓடெட்டுக்குச் சமாதானம் பேச வந்தவர்கள்

இன்று நான் ஓடெட்டைச் சந்தித்தேன்! யார் அது என்று கேட்பீர்கள். இன்று மதியம் வரை எனக்கும் தெரியாது. பத்ரூன் மலையில் நான் வேலை பார்க்கும் ஒயின் தோட்டத்தின் வாசலில் ஒரு பழைய பள்ளி வேன் வந்து நின்றது. பின்பக்கம் 'குழந்தைகள் கவனம்' என்று எழுதியிருந்தது. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டி வந்திருக்கிறார்கள் போல என்று அவசர அவசரமாக எலுமிச்சைச் சாறு கலக்க ஓடினேன். இறங்கியது ஒரே ஒரு பெண். ஐம்பதைத் தாண்டியவர். இடது கை மட்டும் வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தது, வண்டி ஜன்னலில் கை வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இருக்குமே, அப்படி.

முதல் கோப்பையைச் சுவைத்துத் துப்பினார். இரண்டாவதையும் சுத்தமாகத் துப்பினார். மூன்றாவதை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றவர், அதையும் துப்பிவிட்டுச் சொன்னார்: "இது கடைசி சீட்டுப் பையன். வழி பூரா வாயே திறக்க மாட்டான். இறங்கறப்ப ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்குவான், அது வீடு வரைக்கும் மண்டையில ஓடிக்கிட்டே இருக்கும்."

அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். மற்ற வாடிக்கையாளர்களை முதலாளி கவனித்துக்கொண்டார். இனி வருவது ஓடெட்டின் கதை.

ஓடெட் பெய்ரூத்தில், ஃபுர்ன் ஷெப்பாக்கில் இருக்கிறார். பள்ளி வேன் ஓட்டுகிறார். வருஷத்தில் பத்து மாதம் முதுகுக்குப் பின்னால் சத்தம்தான். ஒருத்தி பென்சில் பெட்டியைக் காணோம் என்று அழுவாள். ஒருவன் சீட்டுக்கடியில் வாழைப்பழத்தை ஒளித்துவைத்துவிட்டு நாற்றம் வரும் வரை வாயைத் திறக்க மாட்டான். வீட்டுக்கு வந்தால் கணவர் நக்லேவின் ரொட்டிக் கடை. கடைக்கு மேலேதான் வீடு. அடுப்புச் சூடு தரை வழியாக ஏறிவரும், கூடவே ஸாத்தர் மூலிகைப் பொடி தூவிய ரொட்டிக்கு வரிசையில் நிற்பவர்களின் பேச்சும் ஏறிவரும். தெருவில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானது, யாருக்கு நின்றுபோனது எல்லாம் படுக்கையில் இருந்தபடியே ஓடெட்டுக்குத் தெரிந்துவிடும்.

மகள் கனடாவுக்குப் போன வருஷம், கோடை விடுமுறை விட்டதும் ஓடெட் கீழே இறங்கிப் போய்ச் சொன்னார்: "நக்லே, ஒரு வாரம் நான் யாரோட சத்தத்தையும் கேக்கப்போறதில்ல."

நக்லே மாவு பிசைந்துகொண்டிருந்தார். "என் சத்தத்தையுமா?"

"முதல்ல உன் சத்தத்தைத்தான்."

நக்லே சிரித்துவிட்டார். மறுநாள் அவரே கடைத்தெருவுக்குப் போய் ஒரு பச்சைக் கூடாரம் வாங்கிவந்தார். இருவரும் மொட்டை மாடியில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். முதல் தடவை சரிந்தது. இரண்டாவது தடவை காற்றில் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி மேல் போய் விழுந்தது. மூன்றாவது தடவை நின்றது.

அந்தக் கோடையில் பெக்கா சமவெளிக்குப் போன ஓடெட், வெயில் தாங்காமல் ஒரு ஒயின் நிலவறைக்குள் குளிர்ச்சிக்காக நுழைந்தார். ஒயினுக்காக அங்கேயே நின்றுவிட்டார். அன்று தொடங்கியது. ஒவ்வொரு கோடையும் ஒரு வாரம், தனியாக, வேன், கூடாரம், ஒரு கேஸ் அடுப்பு, துண்டில் சுற்றிய ஒரு கண்ணாடிக் கோப்பை. பகலில் தோட்டம் தோட்டமாகச் சுவைத்துப் பார்ப்பார், எல்லாவற்றையும் துப்பிவிடுவார். வண்டி ஓட்டுகிறவர் அல்லவா. கூடாரம் போட்டு, வேன் சாவியைக் காலணிக்குள் போட்ட பிறகுதான் விழுங்குகிற ஒயின். இதில் மட்டும் அவரிடம் பேச்சே கிடையாது.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒன்றைத் தவிர. நக்லேவின் அண்ணன் பூலோஸ்.

அப்பா போன பிறகு குடும்பத்துக்குப் பெரியவர் அவர்தான். கெட்டவர் இல்லை. ஆனால் தம்பி பெண்டாட்டி மலையில் தனியாகக் கூடாரம் போட்டு ஒயின் குடிக்கிறாள் என்று தெரிந்தால், கோவிலில் தான் உட்காரும் பெஞ்சையே மாற்றிக்கொள்வார் என்று நக்லே பயந்தார். அதனால் ஒவ்வொரு கோடையும் அண்ணனிடம் ஒரே பதில்: "ஹம்மானாவுல அவங்க அக்கா வீட்டுக்குப் போயிருக்கா."

ஓடெட்டுக்கு இது தொண்டையில் முள்ளாக இருந்தது. "நான் என்ன திருடிக்கிட்டா போறேன்?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார். "அடுத்த வருஷம் சொல்லிடறேன்" என்று ஒவ்வொரு வருஷமும் நக்லே சொல்வார்.

இந்த வருஷம் கிளம்பும்போது ஓடெட் வேன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார்: "நான் திரும்பி வரதுக்குள்ள நீ உங்கண்ணன்கிட்ட சொல்லணும். சொல்லலேன்னா இதுதான் கடைசி. ஒளிஞ்சு ஒளிஞ்சு போறதுக்கு நான் வீட்டுலயே கெடந்துட்டுப் போறேன்."

நக்லே தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் ஓடெட்டுக்கு நன்றாகத் தெரியும். ரொட்டி தீர்ந்துபோன பிறகும் "இதோ வருது, இதோ வருது" என்று வாடிக்கையாளரிடம் ஆட்டுவாரே, அதே தலையாட்டல்.

இந்த வருஷம் வடக்கு. கடலோரமாக வந்து, பத்ரூனில் மேலே திரும்பி, கஃபர் தூத் என்ற சின்ன ஊர். அங்கே எலியாஸ் அப்பா என்று ஒருவர், மகன் பேரை வைத்துத்தான் ஊர் கூப்பிடும், மெர்வாஹ் என்கிற உள்ளூர்த் திராட்சையில் ஒயின் போடுகிறார், மண் ஜாடியில். கடைக்குக் கொடுப்பதில்லை, வீட்டுக்கு வருகிறவர்களுக்குத்தான். போன கோடையில் ஜெஸீன் பக்கத்தில் ஒருவர் அந்த ஒயினைப் பற்றிச் சொன்னதிலிருந்து ஓடெட் அதே நினைப்பாக இருந்தார்.

மாதா திருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. ஊரே நிரம்பி வழிந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் குட்டிகள், கோவில் முற்றத்தில் கோதுமையும் இறைச்சியும் சேர்த்து ஹரீசே கிண்டப் பெரிய அண்டாக்கள், விறகுக் குவியல். எலியாஸ் அப்பா வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "தோட்டத்துக் கடைசியில ஓக் மரம் இருக்கு பாரு, அங்க போட்டுக்கோம்மா. சாயங்காலம் வா, ஜாடியைத் திறக்கறேன்."

கூடாரம் எழுந்து நின்ற கொஞ்ச நேரத்தில் அவருடைய மனைவி எலியாஸ் அம்மா ஒரு தட்டோடு வந்தார். அத்திப்பழம், கெட்டித் தயிர், வெள்ளரி, சூடு ஆறாத ரொட்டி. கல்லில் உட்கார்ந்தார். கூடாரத்தைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். வேனுக்குள்ளும் எட்டிப் பார்த்தார்.

"தனியாவா வந்தே?"

"தனியாத்தான்க்கா."

"புருஷன்?"

"வீட்ல. ரொட்டிக் கடை வெச்சிருக்காரு, ஃபுர்ன் ஷெப்பாக்குல. நக்லே கடைன்னா எல்லாருக்கும் தெரியும்."

"உடம்புக்கு ஏதாவது?"

"கல்லு மாதிரி இருக்காரு."

"அப்போ வருவாரா?"

ஓடெட் சிரித்தார். அங்கேதான் தப்பு நடந்தது. "அவர் வந்தா நான் எதுக்குக்கா வரணும்? கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கலாம்னுதானே வந்தேன்!"

எலியாஸ் அம்மா சிரிக்கவில்லை. ஓடெட்டின் கன்னத்தைத் தொட்டார். "பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு. கனடாவுல இருக்கா."

"அவளுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாம? டார்ச் லைட்டே அவ அனுப்பினதுதான்."

எலியாஸ் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார். "சாப்பிடு மகளே. நல்லா சாப்பிடு. எல்லாம் சரியாயிடும்."

என்ன சரியாக வேண்டும் என்று ஓடெட்டுக்குப் புரியவில்லை. அத்திப்பழம் தேனாக இருந்தது, அதில் மறந்துவிட்டார்.

ஆனால் நம் ஊர்களில் ஒரு பெண் மூட்டை முடிச்சோடு தனியாக வந்து, புருஷன் வீட்டில் இருக்கிறான், எனக்கு நிம்மதி வேண்டும் என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள். கோபித்துக்கொண்டு வருகிறவள் அம்மா வீட்டுக்குத்தான் போவாள். இவளுக்கு அம்மா வீடு இல்லை போலிருக்கிறது, பாவம், துணியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள்! கஃபர் தூத் இப்படித்தான் முடிவு செய்தது. ஓடெட் அத்திப்பழத்தைத் தின்று முடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டது.

சாயங்காலம் கோப்பையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடெட் எலியாஸ் அப்பா வீட்டு முற்றத்துக்குப் போனார். தண்ணீர் வந்தது. முசுக்கட்டைப் பழச்சாறு வந்தது. வறுத்த பருப்பு வந்தது. காப்பி வந்தது. ஒயின் வரவில்லை.

"ஜாடி?" என்றார் ஓடெட் மெதுவாக.

எலியாஸ் அப்பா வானத்தைப் பார்த்தார். "ஜாடி எங்கம்மா போகப்போகுது? அது அங்கயேதான் இருக்கும். முதல்ல உன் மனசு ஆறட்டும்."

"என் மனசு நல்லாத்தான் இருக்கு."

"அப்படித்தான் தோணும்."

புருஷனோடு சண்டை போட்டு வந்தவளுக்கு ஒயின் ஊற்றிக் கொடுத்தான் என்று ஊரில் பேர் வந்தால் என்ன ஆவது என்பது அவர் கவலை. இது தெரியாத ஓடெட், மனிதருக்குக் கூச்சம் போலிருக்கிறது, நாளைக்குக் கேட்கலாம் என்று திரும்பி வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பெக்கா ஒயினைக் குடித்துவிட்டுப் படுத்தார். ஓக் மரத்தடியில் ஒரு சத்தம் இல்லை. பத்து மாதம் இதற்காகத்தான் காத்திருந்தார்.

மறுநாள் காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஒரு வரிசை வந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முன்னால் கறுப்பு அங்கியில் ஊர்ப் பாதிரியார் அபூனா யூஹன்னா. வெயிலுக்கு நாற்காலியைத் தலைகீழாகத் தலையில் கவிழ்த்திருந்தார். பின்னால் எலியாஸ் அப்பா, எலியாஸ் அம்மா, அவர்களுக்குப் பின்னால் நல்ல சட்டை போட்ட நான்கைந்து பெரியவர்கள்.

வந்தார்கள். கூடாரத்தைச் சுற்றி அரைவட்டமாக நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். வீடு தேடி வந்தவர்களை, அது துணி வீடாகவே இருந்தாலும், சும்மா அனுப்ப முடியுமா? ஓடெட் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டார். கப் போதவில்லை. இரண்டு பேருக்கு டம்ளர், ஒருவருக்குத் தெர்மாஸ் மூடி. அபூனாவுக்கு மரியாதையாக ஒயின் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்.

எல்லோரும் காப்பியை வாங்கினார்கள். வாங்கி, காலடியில் தரையில் வைத்தார்கள்.

வெயிலைப் பற்றிப் பேசினார்கள். இந்த வருஷத் திராட்சையைப் பற்றிப் பேசினார்கள். காப்பியைப் பார்த்தார்கள், ஆனால் தொடவில்லை.

"சக்கரை ஜாஸ்தியா?" என்றார் ஓடெட்.

"இல்ல மகளே. மணமே சொல்லுது, அருமையான காப்பி" என்றார் அபூனா. தொடவில்லை.

அப்போதுதான் ஓடெட்டுக்குப் பொறி தட்டியது. பெண் கேட்டுப் போகிறவர்களும் பகை தீர்க்கப் போகிறவர்களும்தான் இப்படிச் செய்வார்கள். வந்த காரியத்துக்குச் சரி என்று சொல்லும் வரை அந்த வீட்டுக் காப்பி தொண்டையில் இறங்காது. தன்னைப் பெண் கேட்க இவர்கள் வந்திருக்க வாய்ப்பே இல்லை.

"அபூனா, யாருக்கும் யாருக்கும் சமாதானம் பேச வந்திருக்கீங்க?"

"உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும்தான்."

ஓடெட் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாவம், அழுகை சிரிப்பா வருது" என்றார் எலியாஸ் அம்மா.

"அக்கா, எங்களுக்குள்ள சண்டையே இல்ல!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நானும் சொல்லியிருக்கேன். எங்கம்மா வீட்டு வாசல்ல ஒரு வாரம் உக்காந்துக்கிட்டு, சண்டையே இல்ல சண்டையே இல்லன்னு."

"அதை எதுக்கு இப்ப இழுக்கறே?" என்றார் எலியாஸ் அப்பா.

"நான் சும்மா ஊர் சுத்த வந்தேன்! ஒயின் குடிச்சுப் பாக்க வந்தேன்!"

"அந்த அளவுக்கு மனசு வெறுத்துடுச்சா?" என்றார் தெர்மாஸ் மூடி வைத்திருந்த பெரியவர்.

அபூனா கையை உயர்த்தினார். "கவலைப்படாத மகளே. வீட்டுப் பெரியவர்கிட்ட பேசறதுதானே முறை? எங்க சித்தப்பா பையன் உங்க கடையிலதான் ரொட்டி வாங்கறான். அவன்கிட்ட நம்பர் வாங்கி, உன் வீட்டுக்காரரோட அண்ணன் பூலோஸ்கிட்ட பேசிட்டேன். தங்கமான மனுஷன். ஒரு வார்த்தைதான் சொன்னேன், தம்பியைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார்."

ஓடெட்டின் சிரிப்பு நின்றது.

வேனுக்குப் பின்னால் போய் நக்லேவுக்குப் போன் போட்டார். மறுமுனையில் குசுகுசுவென்று குரல். "சொல்லு."

"எங்க இருக்கே?"

"அண்ணன் கார்ல."

"சொல்லிட்டியா?"

"என்னத்த?"

"நக்லே!"

"மெதுவா பேசு, பக்கத்துலயே இருக்காரு. ஹலோ? ஹலோ? சிக்னல் போகுது."

கடலோரச் சாலையில் சிக்னல் போகாது என்பது அந்தச் சாலையில் வந்த ஓடெட்டுக்குத் தெரியாதா என்ன.

கிளம்பிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கூடாரத்தின் ஒரு முளையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இப்போது கிளம்பினால் அவர்கள் வந்து சேர்வதற்குள் மலையின் அந்தப் பக்கம் போய்விடலாம். ஆனால் ஓடினால், கோபித்துக்கொண்டு வந்தவள் என்பது உறுதியாகிவிடும். மடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனால் நக்லே சொன்ன பொய் உறுதியாகிவிடும். இரண்டில் எதுவானாலும் அடுத்த கோடை கிடையாது. அதற்கடுத்த கோடையும் கிடையாது. முளையைப் பழைய குழியிலேயே வைத்து, ஒரு கல்லை எடுத்து ஓங்கி அடித்தார். பிறகு முகம் கழுவி, தலை சீவி, வந்தவர்களுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"வரட்டும்" என்றார்.

பூலோஸின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அந்த வெயிலிலும் கோட்டும் டையும். பின்னாலேயே நக்லே இறங்கினார், புருவத்தில் மாவு, கையில் ஒரு பெரிய இனிப்புப் பெட்டி. சமாதானத்துக்குப் போகும்போது வெறும் கையோடு போகக் கூடாது என்று அண்ணன் வழியில் நிறுத்தி வாங்கிக் கொடுத்திருந்தார்.

பூலோஸ் கூடாரத்தைப் பார்க்கவில்லை. தெரியாதவர் வீட்டுக் கொடியில் காயும் உள்ளாடையைப் பார்க்காமல் போவது போல அதைக் கடந்து வந்தார். அபூனாவின் கையைப் பிடித்தார். "எங்க வீட்டுப் பொண்ணால உங்களுக்கெல்லாம் சிரமம். எங்ககிட்ட ஹம்மானாவுல அக்கா வீட்ல இருக்கறதாத்தான் சொன்னாங்க." பிறகு ஓடெட் பக்கம் திரும்பினார். குரல் தழைந்தது. "என் தம்பி என்ன பண்ணியிருந்தாலும் சரி, அவனுக்காக நான் மன்னிப்புக் கேக்கறேன். இனிமே பண்ண மாட்டான். இதெல்லாம் மடிச்சு வெச்சுட்டு வா. வீட்டுக்குப் போலாம்."

எலியாஸ் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோர் கையும் காப்பியை நோக்கி நீண்டது.

"யாரும் குடிக்காதீங்க!" என்றார் ஓடெட்.

கைகள் அப்படியே நின்றன.

"நக்லே, நான் எங்க இருக்கேன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

நக்லே இனிப்புப் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அண்ணனைப் பார்த்தார். அபூனாவைப் பார்த்தார். பிறகு கூடாரத்தைப் பார்த்தவர், "அந்த மூலையில கயிறு தளர்ந்திருக்கு" என்றார்.

பெட்டியை எலியாஸ் அப்பா மடியில் வைத்துவிட்டுப் போய்க் குனிந்தார். முளையை லேசாகச் சாய்த்தார், கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினார், சறுக்குக் கட்டையை மேலே இழுத்தார். கூடாரம் விறைப்பாக நிமிர்ந்தது. பழகின கை. அங்கே இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"உனக்கு எப்படிடா தெரியும் இது?" என்றார் பூலோஸ்.

நக்லே நிமிர்ந்தார். "மொட்டை மாடியில போட்டுப் பழகினோம்ணே. நான்தான் வாங்கினேன் இதை."

"ஹம்மானா?"

"அவ ஹம்மானா பக்கமே போனதில்ல. அவளும் அவ அக்காவும் பேசியே ஆறு வருஷமாச்சு. அதுகூட உனக்குத் தெரியலண்ணே."

"அப்போ எங்கிட்ட..."

"பொய் சொன்னேன். ஒவ்வொரு வருஷமும். உனக்குப் பயந்துக்கிட்டு." குரல் ஏறியது. கடையில் ஆர்டர் சொல்லிக் கத்துகிற குரல். "ஊரே என் ரொட்டியைப் பத்திப் பேசுது. ரொட்டி யார் வேணா போடுவாங்கண்ணே. எனக்குப் பெருமைன்னா இவதான். தன்னந்தனியா வண்டிய எடுத்துக்கிட்டுப் போறா. எந்த மலையில என்ன திராட்சை, எந்த ஒயின் எப்படி இருக்கும்னு நாக்குல வெச்சுக்கிட்டுத் திரும்பி வரா. வரிசையில நிக்கற ஒவ்வொருத்தனையும் புடிச்சு நிறுத்திச் சொல்லணும் போல இருக்கும். சொல்ல முடியாம மாவைப் போட்டு அடிப்பேன். அந்த ஒரு வாரம் ரொட்டி அவ்ளோ நல்லா வருதுன்னு நீயே சொல்லியிருக்கே!"

கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பேருக்கு முன்னால் நக்லே தன்னைப் பற்றி அப்படிப் பேசியதில்லை என்று ஓடெட் இன்று என்னிடம் சொன்னார்.

பூலோஸ் திரும்பிப் போய்க் காரில் ஏறிக் கதவை அறைந்தார். கண்ணாடிகள் நான்கும் மேலே ஏறின. ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அபூனா தொண்டையைச் செருமினார். "அப்போ... கோவிச்சுக்கிட்டது யாரு?"

எலியாஸ் அம்மா காரைக் காட்டினார்.

வந்த கூட்டத்துக்கு ஒரு உயிர் வந்ததே பார்க்கணும்! எழுந்தார்கள், நாற்காலிகளைத் தூக்கினார்கள், காரைச் சுற்றிப் போட்டு உட்கார்ந்தார்கள். காப்பிகளும் கூடவே போயின, தொடப்படாமல். சமாதானத்துக்கென்று கிளம்பி வந்தவர்கள், யாருக்காவது செய்யாமல் வீட்டுக்குப் போவார்களா?

கண்ணாடி ஒரு விரல் அகலம் இறங்கியது. "என்னை முட்டாளாக்கிட்டாங்க அபூனா. அவ டென்ட்டுல இருக்கட்டும், மரத்து மேல இருக்கட்டும். எங்கிட்ட ஏன் மறைக்கணும்? நான் என்ன புலியா?"

"கொஞ்சம்" என்றார் நக்லே பின்னாலிருந்து.

கண்ணாடி மறுபடி ஏறியது. எலியாஸ் அம்மா நக்லே முதுகில் ஒன்று வைத்தார்.

ஓடெட் போய், அபூனா வைத்திருந்த ஒயின் கோப்பைக் காப்பியை வாங்கிக்கொண்டு கண்ணாடியைத் தட்டினார். அது மெதுவாக இறங்கியது.

"அத்தான், மறைச்சது தப்பு. இனிமே உங்ககிட்ட சொல்லிட்டுப் போறேன்."

பூலோஸ் முகம் கொஞ்சம் இளகியது.

"சொல்லிட்டுத்தான் போவேன். கேட்டுட்டுப் போக மாட்டேன்."

பூலோஸ் அவரைப் பார்த்தார். அந்தப் பச்சைக் கூடாரத்தை முதல் தடவையாகப் பார்த்தார். ஓக் மரத்தடியில் அது காற்றுக்கு அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அவர் கையை நீட்டிக் கோப்பையை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார்.

"ஆறிப்போச்சு" என்றார் முகத்தைச் சுளித்துக்கொண்டு.

அவ்வளவுதான்! எல்லோரும் தங்கள் தங்கள் ஆறிப்போன காப்பியை எடுத்துக் கடகடவென்று குடித்தார்கள். இனிப்புப் பெட்டி திறந்தது. எலியாஸ் அப்பா வீட்டைப் பார்த்து ஓடினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு குடம்.

மெர்வாஹ் ஒயின் வெயிலில் வைக்கோல் நிறத்தில் மின்னியது. ஓடெட் கோப்பையைக் கழுவி நீட்டினார். முகர்ந்தார். வாயில் வைத்தார். உருட்டினார். பழக்கதோஷம், பக்கத்தில் துப்பிவிட்டார்.

"ஐயோ, துப்பிட்டாளே!" என்று எலியாஸ் அம்மா அலறினார். எலியாஸ் அப்பா முகம் சுருங்கிப்போனது. ஒரு வருஷ உழைப்பு மண்ணில் கிடந்தது.

ஓடெட் நாக்கைக் கடித்துக்கொண்டார். பாக்கெட்டிலிருந்து வேன் சாவியை எடுத்தார், காலணியைக் கழற்றி அதற்குள் போட்டார். வெறுங்காலோடு நின்று கோப்பையை மறுபடி நீட்டினார். இந்தத் தடவை விழுங்கினார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"இது நடுவுல வந்து சேர்ந்த புதுப் பொண்ணு. முதல் நாள் பூரா ஜன்னலுக்கு வெளியவே பாத்துக்கிட்டு வருவா, யாருகிட்டயும் பேச மாட்டா. மறுநாள் காலைல நேரா வந்து எனக்குப் பின் சீட்டுல உக்காந்து, ஸ்கூல் வரைக்கும் கதை சொல்லிக்கிட்டே வருவா."

எலியாஸ் அப்பா கவலையோடு கேட்டார்: "நல்ல பொண்ணாம்மா?"

"வண்டியிலயே அவதான் நல்ல பொண்ணு."

அதற்குப் பிறகு எலியாஸ் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. பூலோஸுக்கும் ஒரு கோப்பை போனது. தம்பி பெண்டாட்டி சொன்னதைத் தன் கண்டுபிடிப்பு போலத் தெர்மாஸ் மூடிப் பெரியவரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்ததை ஓடெட்டே கேட்டார்.

கிளம்பும் நேரம் வந்தது. திருநாள் வரை ரெண்டு பேருமே இருங்களேன் என்று எலியாஸ் அம்மா நக்லேவைப் பிடித்துக்கொண்டார். நக்லே தலையை ஆட்டினார், வேறு விதமாக. "இல்லக்கா. நான் இருந்தா இது அவ பயணமா இருக்காது." ஓடெட்டின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காரை ஓட்ட உட்கார்ந்தார். அண்ணன் அன்று ஓட்டும் நிலையில் இல்லை.

பூலோஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "இங்க பாம்பு கீம்பு இருக்காதே?"

"இருக்கு" என்றார் எலியாஸ் அப்பா, ரொம்ப உண்மையானவர்.

"நக்லே, வண்டிய எடு!" என்றார் ஓடெட்.

கார் வளைவில் மறைந்தது. நாற்காலிகளும் ஒவ்வொன்றாகக் கொடிகளுக்கு நடுவே வீடு திரும்பின. ஓடெட் கூடாரத்தின் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தார். அன்று மாலை கஃபர் தூத் முழுவதற்கும் அவர் யார் என்று தெரியும். புருஷனோடு சண்டை போட்டு வந்தவர் இல்லை, அக்கா வீட்டில் இருப்பவரும் இல்லை. இந்தப் பக்கம் ஒயின் குடித்துப் பார்க்க வந்திருக்கும் ஓடெட். அவ்வளவுதான். அந்த ஒயினுக்கு அப்படி ஒரு ருசி என்றார் என்னிடம்.

திருநாளைக்கு ஊரோடு சேர்ந்து ஹரீசே கிண்டிவிட்டு, இன்று எங்கள் தோட்டத்துக்கு வந்தார். போகும்போது பூலோஸ் காலையில் அனுப்பியிருந்த செய்தியைப் போனில் காட்டினார்: 'எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. இருக்கிறாயா என்று மட்டும்தான் கேட்கிறேன்.' பதிலுக்கு எங்கள் தோட்டத்தை ஒரு படம் எடுத்து அனுப்பினார். அடுத்து எங்கே போவதாக இருக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். மேலே என்றார். இன்னும் மேலே. வேன் கிளம்பிப் போன பிறகும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

இதைப் படித்தவர்கள் தயவுசெய்து நாலு பேருக்கு அனுப்புங்கள், முக்கியமாக வீட்டில் ஒரு பூலோஸ் இருக்கிறவர்களுக்கு. கோடை முடிவதற்குள் கஃபர் தூத்துக்குப் போய் எலியாஸ் அப்பாவின் மெர்வாஹ் ஒயினைக் குடித்துப் பாருங்கள், குறைந்தது முதல் வாயையாவது துப்பாமல். வழியில் எங்காவது மரத்தடியில் ஒரு பெண் தனியாகக் கூடாரம் போட்டிருப்பதைப் பார்த்தால், ஒரு தட்டு அத்திப்பழம் கொடுத்துவிட்டு வாருங்கள், தாராளமாக. நாற்காலியை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.